வீட்டு நாயும் கருத்தடைச் சிகிச்சையும்

மனிதன் பழக்கி வளர்த்த விலங்குகளுள் நாயே முற்பட்டது என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. ஆடும் மாடும் அவனை அடைதற்கு முன்னரே, வேட்டையாடித் திரிந்த நிலையிலேயே, நாய் அவனோடு கூடி வாழத் தொடங்கிவிட்டது. அன்றுதொட்டு அதன் உணவையும் உறையுளையும் மனிதனே வகுத்து வருகின்றான். எந்த நாய் எந்த நாயோடு கூடிக் குட்டி ஈனவேண்டும் என்பதையும் பலவிடங்களில் அவனே தீர்மானித்தான். இன்று காணப்படும் எண்ணிறந்த நாயினங்கள் அதற்குச் சான்று பகரும். எனினும், தன் வீட்டு முற்றத்திற் படுத்திருக்கும் நாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விக்கலாமா என்ற வினா எழும்போது பலர் தயங்குகின்றனர். இஃது இயற்கைக்கு மாறானது, பாவமானது, நாயின் காவற்குணத்தைக் கெடுப்பது என்பர் ஒரு சாரார். எல்லா நாய்க்கும் தப்பாது செய்விக்க வேண்டும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுக்களிலும் உண்மை எத்துணை உண்டு என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் இச்சிகிச்சை யாது என்பதை அறிதல் வேண்டும். கடுவன் நாயில் இரு விதைகளையும் அகற்றுவர். பெட்டை நாயில் சூலகங்களை மட்டுமோ, சூலகங்களுடன் கருப்பையையுமோ அகற்றுவர். இரண்டும் நாயை முற்றாக மயக்கத்தில் ஆழ்த்திய பின்னரே செய்யப்படும். பெட்டைக்குச் செய்வது வயிற்றைத் திறந்து செய்யும் சிகிச்சையாதலின் கடுவனுக்குச் செய்வதினும் பெரிது. விதைகளும் சூலகங்களும் இனப்பெருக்கத்துக்கு வேண்டிய கலங்களை ஆக்குவதோடு ஓமோன்களையும் சுரக்கின்றன. இவ்வோமோன்கள் நாயின் எலும்பு, தசை, உடற்பருமன், நடத்தை ஆகிய பலவற்றோடும் தொடர்புடையன. ஆகவே சிகிச்சையின் பயன் குட்டி பிறவாமையோடு அமைவதன்று. நன்மையாயினுந் தீமையாயினும் உடல் முழுவதையும் அது தொடுகின்றது. இவ்விடயத்தில் எழும் வாதங்கள் பலவற்றுக்கும் மூலகாரணம் இதுவேயாம்.

இனிப் பெட்டை நாயின் இயல்பை நோக்குவோம். சிறிய, நடுத்தர உருவினவாகிய நாய்கள் பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 12 மாதத்துக்கும் இடையில் முதன்முறை வேட்கைப் பருவம் எய்துகின்றன. பேருருவின சில பின்னரும் எய்துவதுண்டு. அப்பருவம் ஏறத்தாழ மூன்று வாரம் நீடிக்கும். பின்னர் ஆறு, ஏழு மாதங்களுக்கு ஒருமுறை அது மீண்டும் வரும். கருக்கொண்ட நாய் ஏறத்தாழ 63 நாளில் ஈனும். ஒரு தடவையில் நான்கு, ஐந்து, ஆறு குட்டிகள் பிறத்தல் வழக்கம். தடையின்றி விடப்பட்ட ஒரு பெட்டை, ஆண்டிற்கு ஒருமுறை மாத்திரம் ஈனுவதாகக் கொண்டாலும், ஐந்தாண்டில் இருபதுக்கு மேற்பட்ட குட்டிகளுக்குத் தாயாகும். இத்தனைக்கும் வீடு எங்கே?

இவ்வினாவுக்கு நம் ஊர்களில் வழங்கும் விடையை யாவரும் அறிவர். வெளிப்படையாகப் பேசுவார் சிலரே. கடுவன் குட்டிகளை அயலவரும் உறவினரும் கேட்டு வாங்கிச் செல்வர். பெட்டைக் குட்டிகளைக் கேட்பார் இலர். கண் திறந்து சின்னாட்களிலேயே அவை சாக்கிலோ கடதாசிப் பெட்டியிலோ இடப்பட்டு, சந்தையடியிலும் கோயில் வீதியிலும் ஆளில்லாத வெறும் வளவுகளிலும் விடப்படுகின்றன. தாய்ப்பால் மறவாத அக்குட்டிகளுட் பல பசியாலும் நோயாலும் வாகனத்தில் அடிபட்டும் மடிகின்றன. எஞ்சியவை கட்டாக்காலிகளாகி, அடுத்த ஆண்டில் தாமும் ஈனுகின்றன. தெருவில் அலையும் நாய்களைக் கண்டு ஊரவர் குறைகூறுகின்றனர். அந்நாய்களுட் பலவற்றின் தாயோ பாட்டியோ ஏதேனும் ஒரு வீட்டு முற்றத்திற் சோறுண்டு வளர்ந்ததாதல் கூடும் என்பதை அவர் எண்ணுவதில்லை.

பெட்டை நாயின் உடல்நலத்தைக் கருதினும் சிகிச்சைக்குச் சார்பான காரணங்கள் வலியன. கருக்கொள்ளாத நாயிலும், ஒவ்வொரு வேட்கைப் பருவத்தின் பின்னும், கருப்பை சில வாரம் ஓமோனின் ஆட்சிக்கு உட்படுகின்றது. இது பலமுறை நிகழ்தலாற் கருப்பையின் உட்சுவர் தடித்து, கிருமிகள் தங்கி, சீழ் கட்டும் நிலை தோன்றலாம். உரிய நேரத்திற் சிகிச்சை செய்யாவிடின் இந்நோய் உயிரைப் போக்கும். சுவீடனில், நோய்க் காரணமின்றி நாய்களுக்குக் கருத்தடை செய்யும் வழக்கம் நெடுங்காலம் அருகியே இருந்தமையின், இந்நோயின் அளவை அங்கே தெளிவாக அறிய முடிந்தது. காப்புறுதி செய்யப்பட்ட நாய்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, பெட்டை நாய்களுள் ஏறக்குறைய நான்கில் ஒன்று பத்து வயதுக்குள் இந்நோய்க்கு ஆளாயிற்று. கருப்பையும் சூலகமும் அகற்றப்பட்ட நாய்க்கு இந்த அபாயம் இல்லை எனலாம்.

பாற்சுரப்பியில் எழும் கட்டிகள் பற்றியும் இங்குக் கூறல் வேண்டும். 1969ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று இத்துறையிற் பெரிதும் எடுத்தாளப்படுவது. சிகிச்சை செய்யப்படாத பெட்டைகளுக்குப் பாற்சுரப்பிப் புற்றுநோய் ஏற்படும் அபாயத்தை 100 எனக் கொண்டால், முதல் வேட்கைப் பருவத்துக்கு முன் சிகிச்சை பெற்றவற்றுக்கு அது 0.5 ஆகவும், ஒரு பருவத்தின் பின் பெற்றவற்றுக்கு 8 ஆகவும், அதற்கும் பின்னர்ப் பெற்றவற்றுக்கு 26 ஆகவும் இருந்ததென அவ்வாய்வு கூறிற்று. ஆயின் 2012ஆம் ஆண்டில், இப்பொருள் பற்றிய ஆய்வுகள் அனைத்தையும் ஒருங்கே சீர்தூக்கிய அறிஞர், சான்றுகள் எண்ணிற் குறைந்தன, வலியும் குன்றியன என்று முடிவு கூறினர். எனவே காலத்தோடு செய்யும் சிகிச்சை இந்நோயைக் குறைக்கின்றது என எண்ண இடமுண்டு. பழைய எண்களை அவ்வாறே வேதவாக்காகக் கொள்ளல் பொருந்தாது. பெட்டை நாய் ஒருமுறையேனும் ஈன்ற பின்னரே சிகிச்சை செய்விக்க வேண்டும் என்று நம் ஊரில் வழங்கும் கருத்துக்கோ மருத்துவச் சான்று யாதும் இல்லை.

கடுவன் நாயின் நிலை சற்று வேறானது. விதைகளை அகற்றினால் விதைக் கட்டிகள் தோன்றா. முதிர்ந்த கடுவன்களிற் சிறுநீர்ப்பைக்கு அண்மையிலுள்ள புரொஸ்தேற்றுச் சுரப்பி பருத்து இடர் விளைப்பதும் நீங்கும். ஆயினும் அச்சுரப்பியில் அருகித் தோன்றும் புற்றுநோயை இச்சிகிச்சை தடுப்பதில்லை. விதையொன்று பைக்குள் இறங்காது வயிற்றினுள்ளே தங்கிய நாய்களில் அது கட்டியாகும் வாய்ப்பு மிகுதியாதலின், அவற்றுக்குச் சிகிச்சை இன்றியமையாதது. பெட்டையைத் தேடி வேலி பாய்ந்து அலைதல், கண்ட இடமெங்குஞ் சிறுநீர் பெய்து எல்லை வகுத்தல் ஆகிய வழக்கங்கள் பெரும்பாலான கடுவன்களிற் குறைகின்றன. அலைச்சல் குறையவே பிற கடுவன்களோடு பொருது புண்படுதலும், வீதியில் வாகனத்தில் அகப்படுதலும் குறையும். புணர்ச்சியால் நாய்க்கு நாய் தொற்றுவதாய், வெப்ப நாடுகளில் அலையும் நாய்களிடையே பரவியுள்ள குறிக்கட்டி நோய் அணுகும் வாய்ப்பும் குறையும்.

அங்ஙனமாயின், கடிக்கும் நாய் கடியாத நாயாகிவிடுமா? ஆகாது. நாய் கடித்தற்கு அச்சம், நோவு, பழக்கக்கேடு எனக் காரணங்கள் பல. அவற்றை விதை நீக்கத்தால் நீக்க முடியாது. இயல்பிலேயே அச்சமிக்க நாய்களில் இச்சிகிச்சையின் பின் அச்சம் மிகக்கூடும் எனக் கருதும் ஆய்வாளரும் உளர். மறுபுறத்தில், காவற்குணம் கெட்டுவிடும் என்ற அச்சமும் வேண்டியதில்லை. அயலாரைக் கண்டு குரைத்தலும் தன் வளவைக் காத்தலும் பெட்டைக்கும் கடுவனுக்கும் பொதுவான இயல்புகள். சிகிச்சை பெற்ற நாயும் படலையடியிற் குரைக்கும்.

இனி மறுதலையான சான்றுகளை மறையாது கூறுதல் முறை. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் 2013ஆம் ஆண்டில் கோல்டன் றிற்றீவர் இனத்து நாய்கள் 759இன் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தனர். ஒரு வயதுக்கு முன் விதை நீக்கப்பட்ட கடுவன்களுள் நூற்றுக்குப் பத்து இடுப்பு மூட்டுக் கோளாறு உடையனவாய் இருந்தன. இது சிகிச்சை பெறாதவற்றிற் கண்டதன் இருமடங்காகும். இதற்குரிய காரணத்தை உணர்தல் எளிது. வளரும் எலும்பின் முனைகளை உரிய காலத்தில் மூடி வளர்ச்சியை நிறுத்துவதிற் பாலோமோன்களுக்குப் பங்குண்டு. அவை முற்கூட்டியே அகற்றப்படின் எலும்புகள் சற்றே நீண்டு வளர, மூட்டுக்களின் பொருத்தம் தளர்கின்றது. உடற்பாரம் மிக்க நாய்களில் அத்தளர்ச்சி நோயாக வெளிப்படும். அவ்வாய்வாளரே 2020ஆம் ஆண்டில் 35 இனங்களை ஆராய்ந்து, இவ்வபாயம் இனத்துக்கு இனம் வேறுபடும் என்றும், சிற்றுருவின நாய்களில் அது குறிப்பிடத்தக்கதாய் இல்லை என்றும் கண்டனர். கலப்பின நாய்களைப் பற்றிய அவர்தம் ஆய்வில், வளர்ந்தபின் 20 கிலோவுக்கு மேற்பட்ட நிறையுடையவற்றிலேயே அவ்வேறுபாடு புலப்பட்டது.

வேறு குறைகளும் உள. பெட்டைகளுட் சில, சிறப்பாகப் பேருருவினவை, சிகிச்சை பெற்றுச் சில காலத்தின் பின் உறக்கத்திற் சிறுநீர் கசிய விடுகின்றன, இதற்கு மருந்துண்டு. சிகிச்சையின் பின் உடலின் உணவுத் தேவை குறைய, பசியோ மிகுகின்றது. முன்னிருந்த அளவிலேயே சோறிட்டால் நாய் கொழுக்கும். கொழுத்த நாய்க்கு மூட்டுநோவும் பிற நோய்களும் எளிதில் வரும். புற்றுநோய்களுட் சில வகை சிகிச்சை பெற்ற நாய்களில் மிகுதியாகக் காணப்படுவதாகவும் ஆய்வுகள் கூறுகின்றன. எனினும், ஐக்கிய அமெரிக்காவில் 1984 முதல் 2004 வரை கால்நடைப் போதனா வைத்தியசாலைகளில் இறந்த நாய்கள் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டவற்றின் பதிவுகளை ஆராய்ந்து ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தார் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு நோக்கத்தக்கது. சிகிச்சை பெறாதவை சராசரி 7.9 வயதிலும், பெற்றவை 9.4 வயதிலும் இறந்தன. முன்னவை தொற்றுநோயாலும் விபத்தாலும் மிகுதியாக இறந்தன. பின்னவை புற்றுநோயால் மிகுதியாக இறந்தன. புற்றுநோய் பெரும்பாலும் முதுமையில் வருவதாதலின், முதுமை எய்தும் வாய்ப்பே பின்னவற்றுக்கு மிகுதியாய் இருந்தது என்பதும் இதிற் கலந்துள்ள ஓர் உண்மையாகலாம்.

அறிவுடையார் நாடுகளே இவ்விடயத்தில் ஒருமித்த வழக்கம் உடையன அல்ல. நோர்வேயில் 2010ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த விலங்கு நலச் சட்டம், விலங்கின் நலங் கருதியோ வேறு சிறப்புக் காரணம் பற்றியோ அன்றி இச்சிகிச்சையை அனுமதிப்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவிலோ இது பெருவழக்காயுள்ளது. இரு நாட்டாரும் ஒரே விலங்கையே வளர்க்கின்றனர். இரு நாட்டிலும் கற்றறிந்த விலங்கு மருத்துவர் உளர். அங்ஙனமிருக்க முடிவு வேறுபடுவது ஏன்? நோர்வேயில் நாய் வீட்டினுள்ளே வாழும். வெளியிற் செல்லுங்கால் வாரிற் கட்டப்பட்டு உடையவனோடு செல்லும். அங்கே கட்டாக்காலி நாய் காண்டற்கரிது. வேண்டாத கருப்பம் உண்டாகாதபடி நாயைக் காக்க அங்குள்ளாரால் இயலும். ஆகவே அவர் நாயின் எலும்பையும் மூட்டையும் பற்றிய வினாக்களை முதன்மையாகக் கொள்ளலாம். அவ்வாறு காக்க இயலாத இடத்தில் வினா வேறாகின்றது. மேனாட்டு முடிவொன்றை எடுத்தாளுவார், அம்முடிவு எத்தகைய நாயைப் பற்றியது, அந்நாய் எத்தகைய வளவில் வாழ்வது என்பவற்றையும் உடனெடுத்து நோக்குதல் வேண்டும்.

இவ்வளவுகோலை யாழ்ப்பாணத்து வீடொன்றுக்குப் பொருத்திப் பார்ப்போம். நம் வளவுகளிற் பலவற்றுக்குக் கிடுகு வேலியோ மட்டை வேலியோ தகர வேலியோ உண்டு. மதில் எழுப்பியோரும் உளர். ஆயினும் பகலிற் படலை திறந்தே கிடக்கும்; வேலியிற் பொட்டும் இருக்கும். நாய் விரும்பியபோது ஒழுங்கைக்குப் போய் வரும். பெட்டை வேட்கைப் பருவம் எய்தியவுடன் அயலிலுள்ள கடுவன்கள் யாவும் வேலியடியிற் கூடும். மூன்று வாரம் அதனை அறையில் அடைத்து வைத்தல் கூடும் என்பார் ஆண்டிற்கு இருமுறை, பத்தாண்டு காலம், ஒருநாளேனும் தவறாது அதனைச் செய்தல் வேண்டும். ஒரு மாலைப்பொழுதிற் படலையைச் சாத்த மறந்தால் ஐந்தாறு குட்டிகள் பிறக்கும். இந்நிலையில் நம் ஊர்நாய் இனத்துப் பெட்டைக்குச் சிகிச்சை செய்வித்தலே தக்கது என்பதில் ஐயமில்லை. ஊர்நாய் பெரும்பாலும் நடுத்தர உருவினதாதலின், மூட்டுக்கோளாறு பற்றிய அச்சம் அதற்குப் பெரிதன்று. முதல் வேட்கைப் பருவத்துக்கு முன், அதாவது ஏறத்தாழ ஆறு மாத வயதில், மருத்துவரைக் கலந்து நாட்குறித்தல் நன்று.

அல்சேஷியன், லாப்ரடோர், றொட்வைலர் போன்ற பேருருவின நாய்களை வளர்ப்போர் அவசரப்படலாகாது. எலும்பு வளர்ச்சி முற்றும்வரை, ஒரு வயதோ அதற்கு மேலோ ஆகும்வரை, காத்திருத்தல் அவற்றின் மூட்டுக்களுக்கு நன்மை பயக்கும்; அதுவரை காவலாக வைத்திருக்கும் பொறுப்பு உடையவரைச் சார்ந்தது. கடுவனைப் பொறுத்தவரை, மதிலுக்குள் வளர்ந்து, அலையாது, பிற நாயோடு பொராது வாழும் ஒன்றுக்குச் சிகிச்சை கட்டாயமன்று. வேலி பாய்ந்து திரியும் கடுவன் தன் வீட்டிற் குட்டி ஈனாதெனினும் அயல்வீட்டுப் பெட்டைகளை ஈனச் செய்கின்றது. அதன் உடையவர் அக்குட்டிகளைக் காண்பதில்லை. அதனால் அவர் பொறுப்பு நீங்கியதாகாது.

சத்திரசிகிச்சையன்றி வேறு வழி இல்லையோ எனின், உண்டு. கருப்பம் தடுக்கும் ஓமோன் ஊசிகள் நெடுங்காலமாக வழக்கிலுள்ளன. செலவு குறைவாயினும், அவற்றைப் பலமுறை ஏற்றுதல், மேலே கூறிய கருப்பைச் சீழ்நோயையும் பாற்சுரப்பிக் கட்டியையும் தூண்டவல்லது. கடுவனின் தோலுக்குக் கீழ் வைக்கப்பட்டு, ஆறு மாதமோ ஓராண்டோ விதையின் தொழிலை அடக்கிவைக்கும் மருந்துக் குளிகை சில நாடுகளிற் பயன்படுகின்றது. அதன் பயன் நீங்கியதும் நாய் பழைய நிலையை அடையும். சிகிச்சையின் விளைவை முன்னறிய விரும்புவார்க்கு இது நல்ல வழியாயினும், எங்கும் கிடைப்பதன்று.

விசர்நாய்க்கடி நோயைப் பற்றிய மயக்கம் ஒன்றையும் நீக்குதல் வேண்டும். கருத்தடை செய்த நாய்க்கு விசர் பிடியாது எனச் சிலர் எண்ணுகின்றனர். இது பெருந்தவறு. விசரைத் தடுப்பது தடுப்பூசி ஒன்றே. இலங்கையில் இந்நோய் பற்றிய கட்டளைச்சட்டம் 1893ஆம் ஆண்டிலும், நாய்கள் பதிவுக் கட்டளைச்சட்டம் 1901ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. 1973ஆம் ஆண்டில் மாத்திரம் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் இந்நோயால் இந்நாட்டில் இறந்தனர். பின்னர்த் தடுப்பூசி பரவலாகவே அத்தொகை பத்திலொன்றுக்குங் கீழாகக் குறைந்தது. 2006ஆம் ஆண்டில் நாய்களைப் பிடித்துக் கொல்லும் முறை கைவிடப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையுமே வழியெனக் கொள்ளப்பட்டன. நாய்த்தொகையில் நூற்றுக்கு எழுபது பங்கு தடுப்பூசி பெற்றால் நோய் பரவாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கொள்கை. ஆண்டுதோறும் ஊசி பெறாத குட்டிகள் புதிதாகப் பெருகினால் இவ்விகிதம் சரிந்துவிடும். கருத்தடை அச்சரிவைத் தடுத்து ஊசியின் பயனை நிலைநிறுத்துகின்றது. ஊசிக்குத் துணையாவதன்றி, அதற்கு மாற்றாகாது.

சிகிச்சை செய்விப்போர் கவனிக்க வேண்டியன சில. நோயுற்ற நாயையும் மெலிந்த நாயையும் தேற்றிய பின்னரே கொண்டுசெல்லல் வேண்டும். நம் நாட்டில் உண்ணியாற் பரவும் காய்ச்சல்களுட் சில குருதி உறையும் ஆற்றலைக் குறைப்பன; ஆதலின் உண்ணி மொய்த்த நாயின் குருதியை முன்னரே சோதித்தல் நலம். மருத்துவர் குறித்த நேரத்திலிருந்து உணவு கொடுத்தலாகாது. மயக்கத்தில் வாந்தி எடுப்பின் மூச்சடைக்கக் கூடும். சிகிச்சையின் பின் பத்துப் பன்னிரண்டு நாள், காயத்தை நக்கவிடாது கழுத்துக்கூடு அணிவித்து, ஓடவும் பாயவும் விடாது பேணல் வேண்டும். கடுவன் சிகிச்சையின் பின்னும் சில வாரம் கருவுறச் செய்யும் ஆற்றலுடையது என்பதை மறத்தலாகாது. உணவை ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைத்து, மாதந்தோறும் நிறையை நோக்கி வருதல் நன்று.

எஞ்சி நிற்பது பாவபுண்ணியம் பற்றிய வினா. அதனை எளிதென ஒதுக்குதல் தகாது; வாயில்லாச் சீவனின் உடலிற் கத்தி வைக்க ஒருவர் அஞ்சுவது அவர் நெஞ்சின் ஈரத்தையே காட்டும். ஆயினும் நம் முன்னோர் நாம்பன்களை நலமடித்தே ஏரிலும் வண்டியிலும் பூட்டினர் என்பதை நினைத்தல் வேண்டும். மயக்க மருந்தின்றிச் செய்யப்பட்ட அச்செயலின் பயன் உழுபவனைச் சார்ந்தது. இச்சிகிச்சையோ நோவறியா மயக்கத்திற் செய்யப்படுவது. இதன் பயனிற் பெரும்பங்கு நாயையே சாரும். குட்டி ஈனுதலைத் தடுத்தல் பாவமெனக் கருதுவோர், ஈன்ற குட்டியைச் சந்தையடியில் விட்டு வருதலை எவ்வாறு கருதுவர்? மாபாரதத்தின் இறுதியில், தன்னை அண்டி வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மாட்டேன் என்று மறுத்து நின்றான் தருமபுத்திரன். அண்டியதைக் கைவிடாமையே ஆங்கு அறமாகக் காட்டப்பட்டது. பிறக்கும் குட்டி ஒவ்வொன்றும் பிறந்த வீட்டை அண்டியதேயாம். அவை அனைத்தையும் தாங்க வல்லவர் ஈனவிடலாம். தாங்க இயலாதார் அவை பிறவாமற் காத்தலே கைவிடாமைக்கு அவர் செய்யத்தக்க வழியாகும்.

ஆகவே எல்லா நாய்க்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை என்பது பெறப்படும். நாயின் பால், இனம், உருவம், வயது என்பன ஒருபுறமும், வேலி, படலை, உடையவரின் ஓய்வு என்பன மறுபுறமும் வைத்து எண்ணப்படல் வேண்டும். இவற்றுட் பின்னவை பற்றி விலங்கு மருத்துவர் யாதும் அறியார்; வீட்டுக்காரரே அறிவர். பெட்டைக் குட்டியொன்றை வீட்டுக்குக் கொண்டுவரும் நாளிலேயே இதனை எண்ணத் தொடங்கினால் ஆறு மாத அவகாசம் உண்டு. வேலியடியிற் கடுவன்கள் கூடிய பின்னர் எண்ணத் தொடங்குவார்க்கு அவ்வவகாசம் கிட்டாது.